ஜோடிச் சீட்டு

நாடின்: சர்க்கரை போடலைன்னு சொன்னேனே. குடிச்சுப் பார்க்காமலேயே மூஞ்சியைச் சுளிச்சா எப்படி?

எல்வுட்: காபிக்குச் சுளிக்கலம்மா. கொண்டு வந்த ஆளைப் பார்த்துச் சுளிச்சேன். ஏழு வருஷமா இந்தச் சட்டமன்ற வராண்டாவுல நீ காபி நீட்டினா, அதுக்குப் பின்னாடி ஒரு மசோதா நிக்கும்.

நாடின்: இன்னைக்கு உங்ககிட்ட கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும். அதுக்குத்தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க.

எல்வுட்: சும்மா இருக்கறதுக்குக் கையெழுத்து வாங்கினது உலகத்துலயே உங்க பெண்கள் சங்கம் ஒண்ணுதான்.

நாடின்: நீங்கல்லாம் சும்மா இருந்தாலே இந்த மாநிலத்துப் பொம்பளைங்களுக்குப் பாதி நல்லது நடந்துடும், எல்வுட் ஐயா.

எல்வுட்: ம்... கொஞ்சம் நகரு. காலை நீட்டணும்.

நாடின்: பெஞ்சு பூரா சேறு பண்ணிடாதீங்க... என்ன இது, பூட்ஸ் முட்டி வரைக்கும் பனி? தெற்கு ரோடு அவ்வளவு மோசமா?

எல்வுட்: தெற்கே நல்லாத்தான் இருந்திருக்கும். வடக்கு ரோட்டுலதான் இன்னும் பனியைத் தள்ளவே இல்ல.

நாடின்: வடக்கா? உங்க வீடும் மில்லும் தெற்கேதானே?

எல்வுட்: ...ஒரு வேலை இருந்துச்சு. அதோட நாயை வேற கூட்டிக்கிட்டு வர வேண்டியதாப் போச்சு. கீழ ட்ரக்குல உக்காந்திருக்கு.

நாடின்: நாயா? உங்களுக்கு நாய்னாலே ஆகாதே. எப்போலேருந்து வளர்க்கறீங்க?

எல்வுட்: இன்னைக்குக் காலைலேருந்து.

நாடின்: அதிசயம்தான்... இருங்க, கதவு திறக்குது. வாசக் காவலர் ஆர்மண்ட் வர்றாரு. உள்ள என்ன ஆச்சு ஆர்மண்ட்?

ஆர்மண்ட்: பிரார்த்தனை முடிஞ்சு வருகைக் கணக்கும் எடுத்தாச்சு. இந்தப் பனியிலயும் முன்னூத்தி அறுபத்தி ரெண்டு பேர் வந்திருக்காங்க, கேட்டியா. இன்னும் மூணு மசோதா. அடுத்தது உங்க குடும்பப் பராமரிப்பு விடுப்புதான். எல்வுட் ஐயா, நீங்க வெளியவா உக்காந்திருக்கீங்க?

எல்வுட்: உள்ள ஹீட்டர் ஜாஸ்தி.

ஆர்மண்ட்: ஹீட்டர் இல்ல ஐயா, பக்கத்துல டெல்ஃபின் அம்மா இல்ல. அதைச் சொல்லுங்க. பதினாறு வருஷம் பதினேழாம் நம்பர் நாற்காலி அவங்களுக்கு, பதினெட்டு உங்களுக்கு. நீங்க குறட்டை விட்டா பின்னல் ஊசியால குத்தறதுக்கு இப்போ ஆளில்ல. அவங்க எப்படி இருக்காங்க நாடின்? மூணு வாரம் ஆச்சு.

நாடின்: ...பார்த்துக்கறாங்க ஆர்மண்ட். ஆஸ்பத்திரில எல்லாரும் நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க.

எல்வுட்: ஆர்மண்ட், அந்த இடது பக்கக் கதவு கிறீச்சுங்குது. எண்ணெய் போடுங்க.

ஆர்மண்ட்: நேத்துதானே போட்டேன்?

எல்வுட்: இன்னொரு தடவை போடுங்க.

ஆர்மண்ட்: சரி ஐயா, சரி. போறேன்.

நாடின்: பாவம், நல்ல மனுஷன். ஏன் விரட்டறீங்க?

எல்வுட்: பேச்சு ஜாஸ்தி. உன் கையில என்ன காகிதம்? பழைய பட்டியலா?

நாடின்: நானூறு பேரோட பேரு. ஆமான்னா ஒரு கோடு, இல்லைன்னா ஒரு வட்டம். எல்லாம் பென்சில்தான். உங்க ஆளுங்களைப் பேனாவுல எழுதினா நம்ம காகிதம்தான் வீணாப் போகும். அழிச்சு அழிச்சு உங்க கட்சிப் பக்கம் ஓட்டையே விழுந்துடுச்சு, பாருங்க.

எல்வுட்: என் பேருக்கு மட்டும் பேனாவுல வட்டம் போட்டிருக்க.

நாடின்: நீங்க மாற மாட்டீங்கன்னு தெரியும். அதனாலதான்.

எல்வுட்: மாறலயே. இப்பவும் சொல்றேன், அது மோசமான மசோதா. என் மில்லுல பதினோரு பேர். அதுல ஒருத்தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு பன்னெண்டு வாரம் போயிட்டா ரம்பத்துக்கிட்ட யாரு நிப்பா? நீயா வந்து நிப்ப?

நாடின்: அவன் எங்க போகப் போறான்? அவன் பொண்டாட்டி போவா. வேலையை விட்டுட்டுப் போவா. எங்க சங்கத்துக்கு வர்ற கடிதத்துல பத்துக்கு ஒன்பது அதுதான். அப்பாவைப் பார்க்கப் போனா வேலை போச்சு, புள்ளைக்கு ஆபரேஷன்னு நின்னா வேலை போச்சு... சரி விடுங்க. ஏழு வருஷமா பேசிட்டோம்.

எல்வுட்: முதல் வருஷம் எத்தனை ஓட்டு வாங்கினீங்க?

நாடின்: நாப்பத்தியொண்ணு. நான் வெளியில வந்து இதே பெஞ்சுல உக்காந்து அழுதேன். டெல்ஃபின் வந்து பக்கத்துல உக்காந்து, "நாப்பத்தியொரு பேர் கிடைச்சிருக்காங்களே, இனிமே அவங்ககிட்ட பேச வேண்டாம் பாரு, வேலை குறைஞ்சுது"ன்னா. எழுபத்தி ரெண்டு வயசு அப்போ. அன்னைக்கு சாயங்காலமே சபையில மத்த எல்லாரோட பிறந்தநாளும் கேட்டு எழுத ஆரம்பிச்சுட்டா. வருஷா வருஷம் முன்னூத்தித் தொண்ணூத்தொன்பது அட்டை, அத்தனையும் கையால.

எல்வுட்: எனக்கு வந்ததெல்லாம் மில்லுல ஆணியில குத்தி வச்சிருக்கேன். எல்லா அட்டையிலயும் கடைசி வரி ஒண்ணுதான். "நீ தப்பு, ஆனாலும் நல்லா இரு."

நாடின்: அவகிட்ட சொல்லியிருக்கீங்களா, வச்சிருக்கேன்னு?

எல்வுட்: ...சொன்னேன். அதை விடு. என் மகன் நேத்து சண்டைக்கு வந்தான். "என்னப்பா, நீ எதிர்க்கிற மசோதாவுக்கு எதிரா ஓட்டே போடாம இருக்கப் போறியாமே, அது என்ன ஜோடிச் சீட்டு"ன்னு.

நாடின்: என்ன சொன்னீங்க?

எல்வுட்: அவ வந்தா ஆமான்னு அமுக்குவா, நான் இல்லைன்னு அமுக்குவேன். ரெண்டும் கழிஞ்சு போகும். இப்போ அவ படுக்கைல கிடக்கா. அந்த நேரம் பார்த்து நான் மட்டும் போய் அமுக்கினா அதுக்குப் பேரு ஜெயிக்கறது இல்ல, திருட்டு. அதனால அவளும் நானும் ஒரே சீட்டுல கையெழுத்துப் போட்டு, ரெண்டு பேரும் போடாம இருக்கோம். அவ்வளவுதான்னேன். அவனுக்குப் புரியல. அவன் இந்தச் சபைக்கு வந்ததில்ல.

நாடின்: நான் உங்க பக்கத்து ஆளுங்க ஏழு பேர்கிட்ட போய்க் கேட்டேன். டெல்ஃபினோட ஜோடி சேர யாருமே ஒத்துக்கல. உங்ககிட்ட வரவே இல்ல, எனக்கு தைரியம் இல்ல. அப்புறம் நீங்களே போன் பண்ணி, "என் பேரைப் போடு"ன்னு சொல்லிட்டு வச்சுட்டீங்க. நான் போனைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன் ரொம்ப நேரம். எங்க ஆபீஸ்ல கேத்தி, "யாருக்கு என்ன ஆச்சு"ன்னு பயந்துட்டா.

எல்வுட்: எல்லாத்துக்கும் அழுவீங்கடி நீங்க.

நாடின்: அழல. அசந்து போயிட்டேன். அது வேற.

எல்வுட்: கணக்கு எப்படி நிக்குது இன்னைக்கு?

நாடின்: ஆமாங்கறவங்க நூத்தி எண்பத்தியொண்ணு உள்ள இருக்காங்க. இல்லைங்கறவங்க உங்களை விட்டுட்டு நூத்தி எண்பது.

எல்வுட்: நானும் போட்டா சமம்.

நாடின்: சமம்னா மசோதா செத்துச்சு. சபை விதி அது.

எல்வுட்: தெரியும்... டெல்ஃபினோட மக கோலெட் என்ன ஆனா?

நாடின்: நேத்து சாயங்காலம் கிளம்பிட்டா. மூணு வாரமா லீவு கேட்டுப் பார்த்தா பாவம். "அம்மாவைப் பார்க்கணும்னா போ, ஆனா திரும்பி வராதே"ன்னுட்டாராம் அந்த ஓட்டல் மேனேஜர். சலவைக்கூடத்துல பதினாலு வருஷ வேலை. புருஷனும் இல்ல, ரெண்டு புள்ளைங்க. நேத்து ஒரேயடியா ஏப்ரனைக் கழட்டி வச்சுட்டு வண்டியை எடுத்திருக்கா.

எல்வுட்: மலைப் பாதையை மூடிட்டாங்க. மத்தியானத்துக்கு முன்னாடி விட மாட்டாங்க.

நாடின்: ஆமா... அங்க போனும் எடுக்காது.

ஆர்மண்ட்: எல்வுட் ஐயா... மன்னிக்கணும். கிளார்க் கேட்டுட்டு வரச் சொன்னாரு. சீட்டு விஷயம் நிச்சயம்தானா?

எல்வுட்: நிச்சயம்தான்.

ஆர்மண்ட்: அப்போ சபையில உங்க ஜோடிப் பேரை வாசிக்க வேண்டாம்னு சொல்லிடவா?

எல்வுட்: சொல்லிடுங்க.

நாடின்: என்ன வாசிக்க வேண்டாம்? ஆர்மண்ட், நில்லுங்க. என்ன சீட்டு?

ஆர்மண்ட்: உனக்குத் தெரியும்னு நினைச்சேன் நாடின். ஐயா காலைல வந்ததும் ஜோடிச் சீட்டை வாபஸ் வாங்கிட்டாரு. எட்டே காலுக்கே.

நாடின்: எட்டே காலுக்கா?

ஆர்மண்ட்: நான் போறேன். உங்க மசோதாவை எடுத்துட்டாங்க. பேச்சு ரெண்டு நிமிஷம்தான், அப்புறம் மணி அடிப்பேன்.

நாடின்: வாபஸ் வாங்கிட்டீங்க.

எல்வுட்: ஆமா.

நாடின்: வாங்கிட்டு இங்க வந்து என் காபியைக் குடிச்சுக்கிட்டு, உங்க மகன்கிட்ட பேசின பெரிய பேச்செல்லாம் எனக்கு ஒப்பிச்சீங்க. திருட்டு, அது இதுன்னு.

எல்வுட்: அந்தப் பேச்சு நிஜம்தான்.

நாடின்: எது நிஜம்? நான் உங்களை... ஐயோ, நான் உங்களைப் பத்தி ஊரெல்லாம் சொன்னேன். இப்படியும் ஒரு மனுஷன் எதிர்க்கட்சியில இருக்காருன்னு எங்க சங்கத்துக் கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னேன். ஒரு கெழவி கை தட்டினா. எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு? அவ உங்களை நம்பித்தானே ஆஸ்பத்திரிக் கட்டில்ல நிமிர்ந்து உக்காந்து கையெழுத்துப் போட்டா? நான்தான் பலகையைப் பிடிச்சுக்கிட்டேன். இப்பவும் உங்களை நம்பிக்கிட்டு அவ அங்க... அவ அங்க படுத்து...

எல்வுட்: சொல்லு. ஏன் நிறுத்திட்ட?

நாடின்: முடியல. இதை மட்டும் என்னால சொல்ல முடியல.

எல்வுட்: தண்ணி வேணுமா?

நாடின்: வேண்டாம். கேளுங்க. டெல்ஃபின் போயிட்டா. இன்னைக்குக் காலைல ஏழு இருபதுக்கு. நர்ஸ் எனக்குப் போன் பண்ணினா, என் நம்பரைத்தான் கொடுத்து வச்சிருந்தா டெல்ஃபின். கோலெட் வந்து சேர்ற வரைக்கும் வெளிய சொல்லாதீங்க, அந்தப் பொண்ணு ரேடியோவுல கேட்டுத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. நானும் சரின்னேன். ஆனா அது சாக்கு. எனக்கே தெரியும் அது சாக்குன்னு. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் நினைச்சேன். ஆள் இருக்கிற வரைக்கும்தான் ஜோடி. போயிட்டா சீட்டு செல்லாது. காபி வாங்கற வரிசையில நின்னுக்கிட்டு யோசிச்சேன், இன்னும் ரெண்டு மணி நேரம், ரெண்டே மணி நேரம் வாயை மூடிக்கிட்டிருந்தா போதும்னு.

எல்வுட்: ...அப்புறம் ஏன் சொன்ன?

நாடின்: எங்க சங்கத்துக்கு என்ன இருக்கு, ஐயா? செருப்பு தைக்கிற கடைக்கு மாடியில ஒரு ரூம், மூணு பொம்பளைங்க. மரக் கம்பெனிக்காரன், ஓட்டல்காரன் எல்லாம் விருந்து வைக்கிறான். எங்ககிட்ட இருக்கிறது ஒண்ணுதான். நாங்க ஒண்ணு சொன்னா அது நிஜம்னு இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும். அதை டெல்ஃபின் பேரைச் சொல்லியே... செத்துப் போனவளைக் கட்டில்ல உக்கார வச்சு உங்ககிட்ட ஓட்டுக் கேட்டா, அவ என்னைச் சும்மா விடுவாளா?

எல்வுட்: நான் வாபஸ் வாங்கினதால கோபத்துல சொல்ற.

நாடின்: இல்ல. உங்க மேல கோபப்பட எனக்கு வாயே இல்லைன்னு சொல்றேன். நீங்க எந்தக் காரணத்துக்கு வாங்கினீங்களோ, எனக்குத் தெரியாது. ஆனா சீட்டு இப்போ இல்ல. உங்களை யாரும் கட்டிப் போடல. போங்க. போய் உங்க பட்டனை அமுக்குங்க.

எல்வுட்: உன் மசோதா செத்துப் போகுமே.

நாடின்: அடுத்த வருஷம் வரும். எட்டாவது வருஷம். மணி அடிக்குது பாருங்க, எழுந்திருங்க.

ஆர்மண்ட்: ஓட்டெடுப்பு. எல்வுட் ஐயா, கதவை மூடறேன். வர்றீங்களா?

எல்வுட்: காபி மிச்சம் இருக்கு.

ஆர்மண்ட்: ஐயா, மூடினா அப்புறம் திறக்க மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

எல்வுட்: தெரியும். உங்க வேலையைப் பாருங்க.

நாடின்: எழுந்திருங்க எல்வுட் ஐயா. விளையாடாதீங்க. நான் உங்களைப் பிடிச்சு வச்சுட்டேன்னு நாளைக்குப் பேசுவாங்க.

எல்வுட்: முட்டி வலி.

நாடின்: இப்பத்தான் காலை நீட்டினீங்க.

எல்வுட்: நீட்டினதுலதான் வந்துச்சு.

ஆர்மண்ட்: கடைசியாக் கேக்கறேன் ஐயா.

எல்வுட்: மூடுங்க ஆர்மண்ட்.

நாடின்: ...மூடிட்டாரு.

எல்வுட்: கிறீச்சுங்கலை, பார்த்தியா. எண்ணெய் போட்டிருக்காரு.

நாடின்: என்ன பண்ணிட்டீங்க?

எல்வுட்: ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்திருக்கேன். அதுதானே வேணும்னு சொன்ன?

நாடின்: சீட்டும் இல்ல, ஆளும் இல்ல. நானும் விட்டுட்டேன். அப்புறமும் எதுக்கு?

எல்வுட்: இந்தா, புதினா மிட்டாய். வாயில போட்டுக்கோ. அவ பையில இருந்தது.

நாடின்: மேல கேலரிக்குப் போய்ப் பார்க்கணும்னு கூடத் தோணல. ஏழு வருஷமா பலகையில விளக்கு எரியறதைப் பார்க்கத்தான் ஓடுவேன்... உள்ள என்ன இவ்வளவு அமைதி? முன்னூறு பேர் இருக்கிற இடமா இது?

எல்வுட்: பட்டனை அமுக்கும்போது யாரும் பேச மாட்டாங்க. அது எனக்குப் பிடிக்கும். அந்த அரை நிமிஷம் கோயில் மாதிரி இருக்கும்.

நாடின்: அதோ... கதவு.

ஆர்மண்ட்: நாடின். நூத்தி எண்பத்தியொண்ணு. நூத்தி எண்பது.

நாடின்: ...திரும்பச் சொல்லுங்க.

ஆர்மண்ட்: ஒத்தை ஓட்டு. ஜெயிச்சுட்டீங்க. அடுத்தது மேலவை, அங்க உங்களுக்குத்தான் ஆள் ஜாஸ்தி. முப்பத்தியோரு வருஷமா இந்தக் கதவுல நிக்கிறேன், இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்ல. கணக்கு பலகையில வந்ததும் யாரும் கை தட்டல, யாரும் கத்தல. அத்தனை பேரும் திரும்பிப் பதினேழையும் பதினெட்டையும் பார்த்தாங்க. பக்கத்துல பக்கத்துல ரெண்டு காலி நாற்காலி. என்னன்னு எனக்கே தெரியல. தொப்பியைக் கழட்டிட்டேன்.

எல்வுட்: போட்டுக்கோங்க. குளிருது. உள்ள போங்க ஆர்மண்ட், அடுத்த மசோதா நிக்குது.

நாடின்: எல்வுட் ஐயா.

எல்வுட்: அழாதே.

நாடின்: அழல. ஒண்ணு கேக்கணும். மூணு வாரமா தினமும் என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி டெல்ஃபின் எப்படி இருக்கான்னுதான் கேப்பீங்க. இன்னைக்குக் கேக்கவே இல்ல. கேட்டுடுவீங்களோன்னு நான் பயந்துக்கிட்டே உக்காந்திருந்தேன். சீட்டை எட்டே காலுக்கு வாங்கியிருக்கீங்க. பூட்ஸ்ல வடக்கு ரோட்டுப் பனி. ஆஸ்பத்திரி வடக்கே இருக்கு... அவ பை உங்க கைக்கு எப்படி வந்துச்சு? யார் சொன்னது உங்களுக்கு?

எல்வுட்: யாரும் சொல்லலம்மா. தினமும் விடியக்காலம் அஞ்சு மணிக்கு அங்கதான் போய் உக்காருவேன். என் கட்சிக்காரங்களுக்குத் தெரிஞ்சா கிண்டல் பண்ணுவாங்கன்னு, ஒண்ணும் தெரியாத மாதிரி உன்கிட்ட விசாரிப்பேன். இன்னைக்கு அப்படி விசாரிக்க எனக்கு வாய் வரல. ஏழு இருபதுக்கு அவ கை என் கையிலதான் இருந்துச்சு. "எல்வுட், நான் போயிட்டா சீட்டு செல்லாது, நீ தாராளமாப் போய் உன் பட்டனை அமுக்கு"ன்னா. நீ இப்போ சொன்னியே, அதேதான். செத்தவ கையெழுத்தை வச்சுக்கிட்டு சபையை ஏமாத்தக் கூடாதுன்னு சீட்டை வாங்கிட்டேன், உள்ள போய் அமுக்கணும்னுதான் நினைச்சேன். அது இப்பவும் மோசமான மசோதாதான். ஆனா அந்த ரூம் கதவு திறக்கறப்பல்லாம் அவ கோலெட்டான்னு பார்த்தா, நாடின். நர்ஸ் வந்தா, பெருக்கறவ வந்தா, அவ கோலெட்டான்னு பார்த்தா. பதினாறு வருஷம் அவளுக்கு எதிரா ஓட்டுப் போட்டவன் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனா, மகளுக்கு லீவு கொடுக்கலைங்கறதால. சரி, எழுந்திரு. மத்தியானம் மலைப் பாதையைத் திறந்துடுவாங்க, அந்தப் பொண்ணு வரும்போது நம்ம ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும். அதுக்கு முன்னாடி கீழ வா, அவ நாய் ட்ரக்குல உக்காந்து கதவையே பார்த்துக்கிட்டிருக்கு. அதுகிட்டயும் நான் இன்னும் சொல்லல.